நடுவுல சேறு

"ஆறு பேர்கிட்ட சாம்பிள் கேட்டிருந்தேன் மேடம். ஆறும் வந்துடுச்சு. யார் பேரும் சொல்லாம என் எடிட்டருக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டு முடிச்சிட்டு, 'நல்லாதான் சார் பண்றாரு, ஏன் ஒரே ஆள்கிட்ட ஆறு தடவை வாங்கினீங்க?'ன்னு கேக்கறாரு."

டைரக்டர் போனில் வாய்விட்டுச் சிரித்தார். பாப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தொரு வயதுப் பெண்ணைப் பாப்பா என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவளுடைய அண்ணன் அப்படித்தான் கூப்பிடுகிறான், அண்ணியும் அப்படித்தான், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். விளம்பரங்களுக்கும் குறும்படங்களுக்கும் இசை போட்டுப் பிழைக்கிறவள். முழுநீளப் படம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

"சாம்பிளை விடுங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒரு குறும்படம் பண்ணீங்களே, தண்ணி லாரி டிரைவர் கதை. அதுல ஒரு கிளாரினெட் வரும். சளி பிடிச்ச ஆள் பக்கத்துல உக்காந்து மனசு விட்டுப் பேசற மாதிரி. யாருங்க அது?"

"எங்க அண்ணன் சார்."

"அந்த ஊதல்தான் எனக்கு வேணும். என் ஹீரோவே அப்படிப்பட்ட ஆள்தான். வியாழக்கிழமைக்குள்ள ஒரு நிமிஷம் அவரை ஊத வச்சு அனுப்புங்க. அது மட்டும் இருந்தா படம் உங்களுது."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஆனால் போனை வைத்ததும் அவள் விரல்விட்டு எண்ணினாள். அண்ணனை ஊதக் கூப்பிட்டு மூன்று வருஷம் ஆகிறது. அனுப்பின சாம்பிளிலும் ஒரு கிளாரினெட் இருந்தது. ஆனால் அது மெஷின் கிளாரினெட். எவனோ ஒருவன் எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக ஊதிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டான். இவள் கீபோர்டில் விரலை வைத்தால் அது ஊதும். சளி, எச்சில், மூச்சு எதுவும் கிடையாது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து வைத்த தட்டு மாதிரி அவ்வளவு சுத்தம்.

இந்தச் சுத்தம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லவே வாய் கசக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

பாப்பா பயன்படுத்துகிற இசை சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. பெயர் 'பட்டறை'. எண்பதாயிரம் பேர். 'பீட்டு ராசா', 'ஊமைக்குயில்', 'நாலாவது மாடி' என்று ஆளாளுக்கு ஒரு புனைபெயர். பாப்பாவின் பெயர் 'தண்ணி லாரி'. பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. உன் பாட்டைப் போட வேண்டுமென்றால் முதலில் வேறு மூன்று பேரின் பாட்டைக் கேட்டுக் கருத்து எழுத வேண்டும். சட்டம் போட்டவன் நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பான். ஆனால் தன் பாட்டைப் போடத் துடித்துக்கொண்டிருக்கிறவன் எதற்கு அடுத்தவன் பாட்டைக் கேட்கப் போகிறான்? கேட்காமலே எழுத ஒரு வாக்கியம் வேண்டும். எந்தப் பாட்டுக்கும் பொருந்த வேண்டும், எழுதினவனுக்குக் காது இருப்பதாகவும் காட்ட வேண்டும். அந்த வாக்கியம் கிடைத்தது.

'நடுவுல சேறு. நானூறை வெட்டுங்க.'

கீழ்ச்சத்தத்துக்கும் மேல்சத்தத்துக்கும் இடையில் நானூறு என்று எண் போட்ட ஓர் இடம் இருக்கிறது. மனுஷனின் நெஞ்சு, மரப்பெட்டி, மூங்கில், கதவு, பேச்சு எல்லாம் குடியிருக்கிற இடம் அதுதான். பட்டறைக்காரர்களுக்கு அது சேறு. நாலு நிமிஷப் பாட்டைப் போட்ட இருபதாவது வினாடியில் 'சேறு' என்று முதல் கருத்து வந்து விழும். அதற்கு ஒத்து ஊத இருபது பேர். போட்டவன் பயந்துபோய் வெட்டுவான். வெட்டினதைப் போட்டால் 'இப்ப சுத்தம். அருமை' என்று எழுதுவார்கள். அதையும் கேட்காமல்தான்.

பட்டறைக்கு ஒரு தெய்வமும் உண்டு. 'தங்கக்காது' என்று பெயர். அவர் பாட்டு கண்ணாடி மாதிரி இருக்கும், நடுவில் ஒன்றுமே இருக்காது. அந்த வெறுமையைத்தான் எல்லோரும் அழகு என்று கும்பிட்டார்கள். மனுஷன் தாராளம். தன்னுடைய டெம்ப்ளேட்டை, அதாவது புதுப் பாட்டைத் தொடங்கும்போது எல்லாம் அடுக்கித் தயாராக இருக்கிற கோப்பை, இலவசமாகவே கொடுத்திருந்தார். அதன் கடைசியில் 'கடைசி மெருகு' என்று ஒரு பெட்டி. பக்கத்திலேயே, 'இதில் கை வைக்காதீர்கள்' என்று ஒரு குறிப்பு. எண்பதாயிரம் பேரில் ஒருவரும் கை வைக்கவில்லை. பாப்பாவும்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணன் ஊதின ஒரு துண்டை அவள் பட்டறையில் போட்டாள். நாற்பத்திரண்டு கருத்துகள் வந்தன. 'சேறு.' 'மூக்கடைப்புக்கு மாத்திரை கொடுங்க.' 'கிளாரினெட்டா, குக்கரா?' பாப்பாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கோபம் பட்டறைமேல் வந்திருக்க வேண்டும். அது அண்ணன்மேல் வந்தது. போதாக்குறைக்கு அந்தப் பக்கத்தின் இணைப்பை அப்படியே அண்ணனுக்கு அனுப்பி வைத்தாள். 'பாரு, என்ன சொல்றாங்கன்னு.' அவன் 'பாத்தேன் பாப்பா' என்று பதில் போட்டான். அடுத்த மாதம் அவள் மெஷின் கிளாரினெட்டை வாங்கினாள். "இந்த வேலைக்கு ஊதல் தேவைப்படல அண்ணா" என்றாள். அதற்கடுத்த வேலைக்கும் தேவைப்படவில்லை. அவனும் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டுக்குப் போனால் அண்ணி காபி கொடுப்பாள், அவன் தன் லிஃப்ட் வேலைக் கதை சொல்வான். கிளாரினெட் பேச்சே எடுக்க மாட்டான்.

டைரக்டர் பேசின மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு தங்கக்காது நேரலையில் வந்தார். தன்னுடைய புதுப் பாட்டை எப்படிச் செய்தேன் என்று திரையில் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நாலாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாப்பாவும் பார்த்தாள். அவள் ஹெட்ஃபோனின் கறுப்புத் தோல் உரிந்து உரிந்து கன்னத்தில் ஒட்டும். அதைக் கிள்ளி எறிந்தபடியே பார்த்தாள். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, இன்னும் பயம் பழகாதவள் போலிருக்கிறது, ஒரு கேள்வி எழுதினாள்: "சார், அந்தக் கடைசிப் பெட்டிக்குள்ள என்ன இருக்கு?"

"அதுவா, அது என் ஹெட்ஃபோனுக்குப் போட்டது" என்றார் அவர், சர்வ சாதாரணமாக.

ஒவ்வொரு ஹெட்ஃபோனுக்கும் ஒரு குறை உண்டு. ஒன்று வயிற்றால் பேசும், ஒன்று மூக்கால் பேசும். அவருடையது மூக்கால் பேசுகிற ரகம். நடுச்சத்தத்தை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டும். அதைச் சரிக்கட்ட ஒரு பெட்டியைப் போட்டு நடுவை அமுக்கிக் கேட்பார். அவர் காதுக்கு மட்டும், அந்த ஹெட்ஃபோனுக்கு மட்டும். பாட்டை வெளியே அனுப்பும்போது அந்தப் பெட்டியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தன் மூக்குக்கண்ணாடியை ஊரில் இருக்கிற கண்களுக்கெல்லாம் மாட்டிவிட்ட கதையாகிவிடும்.

"பாட்டை அனுப்பும்போது அதை ஆஃப் பண்ணிடுவீங்கதானே சார்?" என்று எழுதினாள் அந்தப் புதியவள்.

தங்கக்காதின் முகத்தில் ஈயாடவில்லை. பாப்பா எண்ணினாள். ஒன்பது வினாடி. தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "அது... என்னோட கலர்."

அவ்வளவுதான். 'மேதை!' 'தப்பையே கலையாக்கின தலைவா!' 'கும்பிடுறேன் குருவே!' மழை கொட்டின மாதிரி கொட்டின கருத்துகள். கேள்வி கேட்டவளைப் பத்துப் பேர் சேர்ந்து 'பொறாமை பிடித்தவள்' என்று திட்டினார்கள். அரைமணி நேரத்தில் 'தங்கக்காது கலர்' என்ற பெயரில் அதே பெட்டி தனியாகத் தரவிறக்கக் கிடைத்தது. ஏற்கெனவே வைத்திருக்கிறவர்களும் இறக்கிக்கொண்டார்கள். ஒரு மனுஷனின் மட்டமான ஹெட்ஃபோனுக்கு எண்பதாயிரம் பேர் மூன்று வருஷமாகப் பூஜை போட்டிருக்கிறார்கள். அது தெரிந்த பிறகும் தட்டை நீட்டி இன்னொரு கரண்டி கேட்கிறார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்.

'இது வெறும் தவறுதானே? இதற்காக எத்தனை பேர் எதையெல்லாம் வெட்டினோம்?' என்று பாப்பா பட்டறையில் எழுதிப் போட்டாள். உடனே பதில் வந்தது, தானியங்கிப் பதில்: 'இந்த வாரம் நீங்கள் இன்னும் மூன்று பேருக்குக் கருத்து சொல்லவில்லை. உங்கள் பதிவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.'

அவள் தன்னுடைய டெம்ப்ளேட்டைத் திறந்து, 'கடைசி மெருகு' பெட்டியை முதன்முறையாகத் திறந்தாள். உள்ளே ஹெட்ஃபோன் கம்பெனியின் பெயர், மாடல் நம்பர், எந்தச் சத்தம் எவ்வளவு என்று காட்டுகிற ஒரு கோடு. கோடு நேராக வந்து நானூறில் பள்ளத்தில் விழுந்து எழுந்து போனது. அண்ணனின் கிளாரினெட் குடியிருந்த இடத்தில், சரியாக அந்த இடத்தில், குழி.

பெட்டியை அணைத்தாள். பத்து வருஷத்துக்கு முந்தைய குறும்படத்தை எடுத்து ஓடவிட்டாள். தண்ணி லாரி மேட்டில் திணறி ஏறுகிறது. அண்ணன் ஊத ஆரம்பிக்கிறான்.

சேறு.

அதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அவளுடைய கை தானாகவே நகர்ந்து மவுஸைப் பிடித்து நானூறைத் தேடியது. தன் கையைத் தானே பார்த்தாள். ஏதோ ஓர் அசிங்கமான பிராணி மேஜைமேல் ஏறி உட்கார்ந்திருப்பது போல அருவருப்பாக இருந்தது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்டாள். நாலாவது தடவை ஓடும்போதுதான் அந்தச் சளி பிடித்த ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மூச்சு வாங்கினான். ஒரு சுரம் பாதியில் உடைந்தது, உடைந்த இடத்திலிருந்தே அவன் பேச்சைத் தொடர்ந்தான். பாப்பாவுக்கு அழுகை வந்தது. அழுகையோடு கொஞ்சம் நம்பிக்கையும் வந்தது. போனது தன் காதுதான். அண்ணன் அங்கேயேதான் இருக்கிறான். நாளைக்கே போய்க் காலில் விழுந்தாவது ஊத வைத்துவிடலாம்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். புதன்கிழமை மத்தியானம் அவன் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்தான். கடைசி மாடியிலிருந்து இரும்பு ஏணி ஏறினால் மெஷின் ரூம். உள்ளே மோட்டார், பெரிய சக்கரம், அதன்மேல் கிரீஸ் பூசின இரும்புக் கயிறுகள். கீழே யாரோ பட்டனை அமுக்கினால் சுவரில் இருக்கிற மின்பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம், பிறகு கயிறு ஓடத் தொடங்கும். அண்ணன் டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். டூல்ஸ் பெட்டிமேல் கிளாரினெட் பெட்டி இருந்தது. அதைப் பார்த்ததும் பாப்பாவுக்கு உயிர் வந்தது.

"என்ன பாப்பா, இவ்ளோ தூரம்? கைப்பிடியைத் தொடாத, கிரீஸ்."

"தினமும் ஊதறியா அண்ணா?"

"சாப்பாட்டு நேரத்துல. இங்க யாருக்கும் தொந்தரவு இல்ல பாரு."

அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். டைரக்டர், படம், வியாழக்கிழமை, தங்கக்காது, ஹெட்ஃபோன். அவன் நடுநடுவே சிரித்தான். "ஹெட்ஃபோனா? அட கருமமே!" என்றான். தன்னைத் தள்ளி வைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிளாரினெட் பெட்டியைத் திறந்து துண்டுகளைப் பூட்டினான். அவள் ரெக்கார்டரை எடுத்து மோட்டார் சத்தம் படாத மூலையில் வைத்தாள்.

"லாரி மேடேறும்போது ஊதினியே, அது."

அவன் ஊதினான்.

சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு சுரமும் மெலிசாக, பாலிஷ் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து போனது. மூச்சு கேட்கவில்லை. எங்கேயும் எதுவும் உடையவில்லை. அவளுடைய கீபோர்டில் இருக்கிற மெஷின், அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்து ஊதுவது போல இருந்தது.

"விளையாடாத அண்ணா. பழைய மாதிரி ஊது."

"பழைய மாதிரின்னா?"

"சளி பிடிச்ச மாதிரி! மூச்சோட! நீ ஊதற மாதிரி!"

அவன் கிளாரினெட்டை மடியில் வைத்தான். "இதானே பாப்பா இப்ப நான் ஊதற மாதிரி. ரெண்டரை வருஷமாச்சு இதுக்கு வாயைப் பழக்கி. வாய் வச்சு ஊதற மௌத்பீஸ்தான் அந்தச் சேத்துக்குக் காரணமோன்னு உள்பக்கத்தை நைஸ் அரத்தால ராவி எடுத்துட்டேன். கொஞ்சங்கொஞ்சமா. நம்ம கைவேலைதானே." கழற்றிக் காட்டினான். உட்புறம் வழவழவென்று மின்னியது. லிஃப்ட் சக்கரத்தைத் தேய்க்கிறவனின் வேலை, குறை சொல்ல முடியாத வேலை. ராவி எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

"யாரு உன்னை ராவச் சொன்னது?" பாப்பா கத்தினாள். "எந்த நாய் சொல்லுச்சு?"

அண்ணன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "நீதானே."

"நானா? நான் எப்ப சொன்னேன்?"

"பட்டறையில. நீ லிங்க் அனுப்பினியே, அன்னிக்கே சேந்துட்டேன். 'நாலாவது மாடி' நான்தான்." அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான். "பேர் சொல்லிப் போட்டா நீ அண்ணனாச்சேன்னு மரியாதைக்கு ஏதாவது சொல்லுவ. தெரியாத ஆள்னாதான் மனசுல இருக்கறதை எழுதுவன்னு பேரை மாத்திக்கிட்டேன். மத்தவங்க சொன்னதையெல்லாம் நான் கண்டுக்கல பாப்பா. அவங்களுக்கு என்ன தெரியும்? நீ என்ன சொல்றேன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். நீ சொன்ன."

கையில் இருந்த கிரீஸைப் பழைய வேட்டிக் கிழிசலில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தான். தேடவே இல்லை, தொட்டதும் வந்தது. பட்டறைப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து வைத்திருந்தான். நாலாவது மாடி, கிளாரினெட் தனி, நாலு நிமிஷம் பத்து வினாடி. மேலே தேதி, போட்ட நேரம் மத்தியானம் ஒன்று பதினாறு. கீழே 'தண்ணி லாரி' எழுதியிருந்தாள்: 'நடுவுல சேறு. நானூறை வெட்டுங்க.' எழுதின நேரமும் ஒன்று பதினாறு.

அவளுக்கு அந்த மத்தியானம் ஞாபகமே இல்லை. ஒரு பல்பொடி விளம்பரப் பாட்டைப் போடுவதற்காக மூன்று பேருக்கு அவசரமாகக் கருத்து எழுதியிருப்பாள். அப்படி முந்நூறு மத்தியானங்கள் இருந்தன.

"அதுக்கப்புறம் ஆறு தடவை போட்டேன்" என்றான் அண்ணன். "நீ பாக்கவே இல்ல. ஏழாவது தடவை பாத்த." விரலால் ஒதுக்கினான். அடுத்த படம். 'இப்ப சுத்தம். அருமை.' அந்தச் சொல்லைச் சுற்றி அவன் சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருந்தான்.

பொய் சொல்லியிருக்கலாம். 'ஆமா அண்ணா, அப்ப அப்படித் தோணுச்சு, இப்ப மாறிடுச்சு' என்று சொல்லியிருந்தால் அவன் தலையாட்டியிருப்பான். அதற்கு அவளுக்கு நாக்கு எழவில்லை.

"நான் கேக்கல அண்ணா."

"என்ன கேக்கல?"

"அந்த ஊதலை. கேக்காமதான் எழுதினேன். அங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். ஒரு செகண்டு கூடக் கேக்கல."

மின்பெட்டிக்குள் டக்கென்று சத்தம் வந்தது. கயிறுகள் ஓடி நின்றன. அண்ணன் மௌத்பீஸைத் துணியில் சுற்றினான். கிளாரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வொன்றின் உள்ளும் துணியை விட்டு இழுத்து, அதனதன் குழியில் படுக்க வைத்தான். எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டான்.

"அப்ப அந்த 'அருமை'?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"அதையும் கேக்கலையா?"

"இல்ல அண்ணா."

அவன் எழுந்து டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். "ஏழாவது மாடியில கதவு இடிக்குதாம், போகணும்" என்றான். ஏணியில் இரண்டு படி இறங்கினவன் நின்றான். "அண்ணிகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாத பாப்பா. அவ அந்த 'அருமை'யை அவங்க அக்காவுக்கெல்லாம் அனுப்பி வச்சிருக்கா."

அவன் போய்விட்டான். பாப்பா மெஷின் ரூமிலேயே நின்றாள். ரெக்கார்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய குரலில் 'ஒரு செகண்டு கூடக் கேக்கல' என்பதும் அதில் பதிவாகியிருக்கும், மூச்சோடு, எச்சிலோடு, சேற்றோடு. தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. ரெக்கார்டரை அணைத்துவிட்டு டைரக்டருக்குச் செய்தி அனுப்பினாள்.

'சார், அந்தக் கிளாரினெட் இப்போது இல்லை. மன்னிக்கவும்.'

ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. அவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டிருந்தார்.

'ஐயோ மேடம்! ஆழ்ந்த இரங்கல். எப்போ நடந்தது?'

தேதி, மணி, நிமிஷம் எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.